சிறப்புக் கண்ணாடியும் தொழில் தன்னிறைவும்

ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சியை மதிப்பிடும்போது எஃகு, சிமெண்டு, நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றின் உற்பத்தி அளவே முதலில் கருத்தில் கொள்ளப்படுகிறது. இவை பேரளவில் தேவைப்படும் பொருள்கள். இவற்றுக்கு நேர்மாறாக, ஆண்டுக்குச் சில டன்களே தேவைப்பட்டாலும், அந்தச் சில டன்கள் கிடைக்காவிட்டால் பெரும் துறைகளே தடுமாறி நிற்கும்படியான பொருள்களும் உண்டு. சிறப்பு வகைக் கண்ணாடிகளில் பல அத்தகையவை. நுண்ணோக்கியின் வில்லை, அணுக்கழிவை அடக்கி வைக்கும் கண்ணாடிக் கட்டி, தொலைபேசிச் செய்தியைச் சுமந்து செல்லும் ஒளியிழை, தடுப்பூசி மருந்து அடைத்த குப்பி ஆகிய யாவும் சிறப்புக் கண்ணாடிகளே.

இக்கண்ணாடிகளில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு சேரும் என்பது பெரும்பாலும் நூல்களிலேயே காணப்படும். ஆயினும் நூலைப் படித்துவிட்டு அவற்றைச் செய்துவிட முடிவதில்லை. மூலப்பொருளைத் தூய்மைப்படுத்துதல், உருகிய குழம்பைச் சீராகக் கலக்குதல், தக்க வேகத்தில் குளிர்வித்தல் ஆகியவை இடைவிடாத உற்பத்தியில் மட்டுமே கைவரும் திறன்கள். உற்பத்தி நின்றால் திறனும் மறைந்துவிடும். இத்திறனை இந்தியா எவ்வாறு பெற்றது, எங்கே காத்துக்கொண்டது, எங்கே நழுவ விட்டது என்று ஆராய்வது, திட்டமிடுதலைப் பயிலும் மாணவர்க்கும் அதைச் செயற்படுத்தும் அலுவலர்க்கும் பயன் தருவதாகும்.

கண்ணாடியின் இயல்பு

உருகிய பொருள்கள் பெரும்பாலும் குளிரும்போது படிகமாக உறைகின்றன. அவற்றின் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளில் அமைகின்றன. சிலிக்கா போன்ற சில பொருள்களோ குளிரக் குளிரப் பாகுபோல் தடித்து, அணுக்கள் ஒழுங்குபெறும் முன்பே இறுகிவிடுகின்றன. இவ்வாறு ஒழுங்கற்ற உள்ளமைப்புடன் இறுகிய பொருளே கண்ணாடி. படிகத்தில் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்திலேயே சேர வேண்டும். கண்ணாடிக்கு அக்கட்டுப்பாடு இல்லை. பல ஆக்சைடுகளைக் கூட்டியும் குறைத்தும் சேர்த்து, வேண்டிய பண்பைப் பெற முடியும். சிறப்புக் கண்ணாடித் தொழில் முழுவதும் இந்த நெகிழ்ச்சியின் மீதே எழுந்தது.

தூய சிலிக்கா உருக 1,700 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சோடா சாம்பலைச் சேர்த்தால் உருகும் வெப்பநிலை வெகுவாகக் குறையும். ஆனால் அக்கண்ணாடி நீரில் கரையும். சுண்ணாம்பைச் சேர்த்தால் அந்தக் குறை நீங்கும். சன்னல், புட்டி, வளையல் ஆகியவற்றுக்கு உதவும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி இவ்வாறு உருவாவதே. உலகில் உருக்கப்படும் கண்ணாடியில் மிகப் பெரும் பகுதி இவ்வகையைச் சேர்ந்தது.

இதன் குறை வெப்பத்தில் தெரியவரும். ஒரு மீட்டர் நீளமுள்ள சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக் கோலை 100 பாகை அளவுக்குச் சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீளும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், விரிவு சமமின்றித் தகைவு ஏற்பட்டு அது வெடித்துவிடும். போரான் ஆக்சைடு சேர்ந்த போரோசிலிகேட் கண்ணாடிக் கோல் அதே வெப்பத்தில் 0.33 மில்லிமீட்டரே நீளும். தூய சிலிக்காக் கண்ணாடியோ சுமார் 0.055 மில்லிமீட்டர்தான் நீளும். ஆய்வுக்கூடக் குடுவையும் அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரமும் போரோசிலிகேட்டால் செய்யப்படுவதன் காரணம் இதுவே.

ஜெனா நகரின் பாடம்

சிறப்புக் கண்ணாடி ஓர் அறிவியல் தொழிலாக மலர்ந்தது ஜெர்மனியின் ஜெனா நகரில். அதற்கு முன் ஒளிக்கருவிகளுக்குக் கிரவுன், ஃபிளிண்ட் என இரு பெரும் வகைக் கண்ணாடிகளே கிடைத்தன. ஒற்றை வில்லை வெவ்வேறு நிற ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிப்பதால் உருவத்தின் ஓரங்களில் நிறக்கசிவு தோன்றும். நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் கிரவுனையும் மிகுதியாகப் பிரிக்கும் ஃபிளிண்ட்டையும் இணைத்து இக்குறையைத் தணிக்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஜான் டாலண்ட் 1758ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஆனால் குறையற்ற பெரிய கண்ணாடித் துண்டு கிடைப்பது அரிதாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் பியேர் லூயி கினான் என்ற கைவினைஞர் உருகிய குழம்பைச் சுட்ட களிமண் கோலால் கிளறும் முறையைக் கண்டறிந்த பின்னரே குமிழும் வரியும் குறைந்த கண்ணாடி கிடைக்கலாயிற்று.

நுண்ணோக்கி செய்த கார்ல் சைஸ், இயற்பியலறிஞர் எர்ன்ஸ்ட் ஆபே, கண்ணாடி வேதியியலறிஞர் ஓட்டோ ஷாட் ஆகியோர் கூடி 1884ஆம் ஆண்டில் ஜெனாவில் கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினர். போரான், பேரியம், பாஸ்பரஸ் முதலிய தனிமங்களைச் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கையும் ஒளியை எவ்வாறு வளைக்கிறது, எவ்வளவு விரிகிறது என்பதை ஷாட் முறையாக அளந்தார். புதிய ஒளியியல் கண்ணாடிகள் பல பிறந்தன. வெப்பமானிக்கு ஏற்ற கண்ணாடியும் போரோசிலிகேட்டும் இந்த முயற்சியின் விளைவுகளே.

இத்தொழில் ஓரிடத்தில் குவிந்ததன் விளைவு 1914ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. முதல் உலகப்போர் மூண்டதும், ஒளியியல் கண்ணாடிக்குப் பெரிதும் ஜெர்மனியையே நம்பியிருந்த பிரிட்டன் தொலைநோக்கிக்கும் பீரங்கிக் குறிநோக்கிக்கும் கண்ணாடியின்றித் திண்டாடியது. அமெரிக்கா 1917ஆம் ஆண்டில் போரில் இறங்கியபோது, கார்னெகி நிறுவனத்தைச் சேர்ந்த புவி இயற்பியல் ஆய்வுக்கூட அறிஞர்களை ராச்செஸ்டர் நகர ஆலைக்கு அனுப்பிவைத்தது. பாறைகள் உருகி உறைவதை ஆராய்ந்தவர்கள், தொழிலாளருடன் உலையருகே நின்று கண்ணாடி உருக்கும் கலையைச் சீர்செய்தனர்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. ஜெனா நகரம் சோவியத் ஆட்சிப் பகுதியில் சேரவிருந்த நிலையில், 1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் ஷாட் ஆலையின் வல்லுநர் 41 பேரை மேற்கு ஜெர்மனிக்கு அழைத்துச் சென்றனர். அவர்களைக் கொண்டு மைன்ஸ் நகரில் 1952ஆம் ஆண்டில் புதிய ஆலை எழுந்தது. கட்டடமும் உலையும் ஜெனாவிலேயே தங்கிவிட்டபோதிலும், அறிந்தவர்கள் இருந்தமையால் ஆலையை வேறிடத்தில் மீண்டும் எழுப்ப முடிந்தது.

இந்தியாவில் ஒளியியல் கண்ணாடி

இந்தியாவில் கண்ணாடித் தொழில் புதியதன்று. ஃபிரோசாபாத் வளையலுக்குப் பெயர் பெற்ற ஊர். சுதேசி இயக்கக் காலத்தில் மக்களிடம் காசு காசாகத் திரட்டிய நிதியைக் கொண்டு 1908ஆம் ஆண்டில் புனே அருகிலுள்ள தளேகாவில் பைசா நிதிக் கண்ணாடி ஆலை தொடங்கப்பட்டது. எனினும் விடுதலை பெற்ற காலத்தில் வில்லைக்குரிய ஒளியியல் கண்ணாடி முற்றிலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது.

அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு 1942ஆம் ஆண்டில் அமைந்தபின் திட்டமிடப்பட்ட முதல் ஆராய்ச்சிக் கூடங்களுள் ஒன்று மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம். கல்கத்தாவின் ஜாதவ்பூரில் அது 1950ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. 1952 முதல் 1966 வரை அதன் இயக்குநராக இருந்தவர் டாக்டர் ஆத்மா ராம். உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் பிறந்து, அலகாபாத்தில் வேதியியல் பயின்று, செம்பினால் கண்ணாடிக்குச் செந்நிறம் ஏற்படும் விதத்தை ஆராய்ந்தவர் அவர். 1959ஆம் ஆண்டில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். பிற்காலத்தில் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார்.

ஒளியியல் கண்ணாடியின் செய்முறையை வைத்திருந்த நாடுகள் அதை எளிதில் பகிர்ந்துகொள்ள முன்வரவில்லை. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் ஜாதவ்பூர் நிலையம் இப்பணியைத் தானே மேற்கொண்டு வெற்றி கண்டது. இந்தச் சாதனையின் அளவை உணர, அதன் செய்முறையைச் சற்று விரிவாக நோக்க வேண்டும்.

செய்முறையில் உள்ள சிக்கல்கள்

பெரிதும் பயன்படும் போரோசிலிகேட் கிரவுன் வகையை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு சிலிக்காவும் 10 விழுக்காடு போரான் ஆக்சைடும் உள்ளன. எஞ்சியவை சோடியம், பொட்டாசியம், பேரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். அதன் ஒளிவிலகல் எண் 1.5168. ஒவ்வொரு உருக்கிலும் இவ்வெண் மாறாது வர வேண்டும். நான்காம் தசம இடத்தில் சிறிது விலகினாலும் வில்லை வடிவமைப்பாளரின் கணக்கு பிழைத்துப்போகும்.

முதல் சிக்கல் மணலில் உள்ளது. மணலில் இரும்பு ஆக்சைடு சிறிதளவு இருந்தாலும் கண்ணாடி பச்சை நிறம் பெறும். இரண்டாம் சிக்கல் மூசையில் உள்ளது. உருகிய கண்ணாடி தன்னைத் தாங்கும் மூசையையே அரிக்கும். அரிக்கப்பட்ட களிமண் குழம்பில் கலந்து வரிகளாகப் படரும். ஆகவே கண்ணாடியைச் செய்யுமுன் அதற்குத் தக்க மூசையைச் செய்யக் கற்க வேண்டும். மூன்றாவது, கிளறுதல். அடர்த்தி மிக்க ஆக்சைடுகள் அடியில் தங்கும். மேற்பரப்பிலிருந்து சில பொருள்கள் ஆவியாகும். இடைவிடாது கிளறினால்தான் குழம்பு முழுவதும் ஒருபடித்தாகும். கிளறும் வேகம் மிகுந்தால் காற்றுக் குமிழ்கள் புகுந்துவிடும்.

நான்காவது, குளிர்வித்தல். விரைவில் குளிர்ந்தால் கண்ணாடியினுள் தகைவு தங்கி, இடத்துக்கு இடம் ஒளிவிலகல் மாறுபடும். மேற்கூறிய கண்ணாடியில் தகைவு தளரும் வெப்பநிலை 550 பாகையை ஒட்டியது. அந்த எல்லையில் வெப்பத்தை மிக மெதுவாகக் குறைக்க வேண்டும். பெரிய கட்டியானால் இப்பணி பல நாட்கள் நீளும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் அத்தனை நாள் உழைப்பும் வீணாகும். இத்தனைக்கும் பின்னர், குமிழும் வரியும் உள்ள பகுதிகளை வெட்டி ஒதுக்கும்போது ஒரு மூசையிலிருந்து கிடைக்கும் நல்ல கண்ணாடி, உருக்கியதில் ஒரு பங்கே.

குழம்பின் நிறத்தையும் ஓட்டத்தையும் கண்டு அதன் பக்குவத்தை அறியும் உலைத் தொழிலாளி, நுண்கருவியால் வரியைக் கண்டறியும் ஆய்வாளர், மூசை வனைபவர் ஆகியோரின் கூட்டுத் திறனே ஒளியியல் கண்ணாடியாக உருப்பெறுகிறது. பாதுகாப்புத் துறைக்கான தொலைநோக்கிகள், குறிநோக்கிகள், அளவைக் கருவிகள் ஆகியவற்றுக்கு உள்நாட்டுக் கண்ணாடி கிடைத்தது இத்திறனால்தான்.

துர்காபூர் அனுபவம்

ஆராய்ச்சி நிலையம் வழிகாட்டியபோதிலும் பேரளவு உற்பத்தி வேறொரு துறையில் திட்டமிடப்பட்டது. மூக்குக் கண்ணாடிக்குரிய கண்ணாடியைச் செய்யும் ஆலை ஒன்று சோவியத் உதவியுடன் மேற்கு வங்கத்தின் துர்காபூரில் அமைந்தது. நெய்வேலி அனல் மின் நிலையம், ராஞ்சி கனரக இயந்திர ஆலை ஆகியவற்றுக்கு உதவிய அதே காலத்துப் பொருளாதார ஒத்துழைப்பின் ஒரு பகுதி இது. 1972ஆம் ஆண்டில் அது பாரத் கண்ணியல் கண்ணாடி நிறுவனம் என்ற தனிப் பொதுத்துறை நிறுவனமாயிற்று. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதும், எளிய மக்களுக்கு மூக்குக் கண்ணாடி கிடைக்கச் செய்வதும் நோக்கங்களாக இருந்தன.

நோக்கம் சிறந்ததாயினும் நிறுவனம் நிலைக்கவில்லை. நலிவுற்ற நிறுவனங்களின் வரிசையில் சேர்ந்து, இறுதியில் மூடப்பட்டது. இதற்கிடையே உலகெங்கும் மூக்குக் கண்ணாடி வில்லைகள் கண்ணாடியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டன. எடை குறைவு, எளிதில் உடையாமை ஆகிய இரண்டும் பிளாஸ்டிக்குக்குச் சாதகமாயின. ஒரே பொருளுக்கென அமைந்த ஆலை, அப்பொருளின் தேவை மாறும்போது தன்னை மாற்றிக்கொள்ள இயலாவிட்டால் தளர்ந்துவிடும் என்பது இதிலிருந்து பெறத்தக்க படிப்பினை.

அணுத் துறையில் கண்ணாடி

துர்காபூருக்கு நேர்மாறான நிலையை அணுத் துறையில் காணலாம். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் அறைகளுக்குத் தடித்த கான்கிரீட் சுவர்கள் உண்டு. உள்ளே நிகழ்வதைப் பார்த்துக்கொண்டே எந்திரக் கைகளை இயக்க வேண்டுமாயின் சுவரில் சன்னல் வேண்டும். அந்தச் சன்னல் ஒளியை விட வேண்டும். காமாக் கதிரைத் தடுக்க வேண்டும். காரீய ஆக்சைடு மிகுந்த அடர்த்தியான கண்ணாடி இதற்கு உதவுகிறது. ஆனால் கதிர்வீச்சு படப்படச் சாதாரணக் காரீயக் கண்ணாடி பழுப்பு நிறம் ஏறி, நாளடைவில் பார்வையை மறைக்கும். சிறிதளவு சீரியம் ஆக்சைடு சேர்த்தால் இக்குறை தவிர்க்கப்படும். இத்தகைய கண்ணாடிக் கட்டிகளை ஜாதவ்பூர் நிலையம் பாபா அணு ஆராய்ச்சி மையத்துடன் இணைந்து உருவாக்கியது. ஒளியியல் கண்ணாடியில் பெற்ற உருக்கும் திறனும் மெல்லக் குளிர்விக்கும் திறனும் இங்கே நேராகப் பயன்பட்டன.

மற்றொரு பயன் அணுக்கழிவை அடக்குவது. அணு உலையில் எரிந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும்போது மிகுந்த கதிரியக்கமுள்ள திரவக் கழிவு எஞ்சும். அதைத் திரவமாகவே நெடுங்காலம் வைத்திருப்பது ஆபத்தானது. கழிவையும் கண்ணாடி மூலப்பொருளையும் கலந்து ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலன்களில் வார்க்கின்றனர். கழிவிலுள்ள தனிமங்கள் கண்ணாடியின் உள்ளமைப்பிலேயே பிணைந்துவிடுகின்றன. வெவ்வேறு தனிமங்களை விகிதக் கட்டுப்பாடின்றி ஏற்கும் கண்ணாடியின் இயல்பு இங்கே பெரும் பேறாகிறது. நீரில் கரைந்து வெளியேறும் அளவும் மிகக் குறைவு.

இந்தியாவில் இத்தகைய முதல் ஆலை 1980களில் தாராப்பூரில் இயங்கத் தொடங்கியது. பின்னர் டிராம்பேயிலும் தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் ஆலைகள் அமைந்தன. டிராம்பேயிலுள்ள பழைய கழிவில் சல்பேட் கலந்திருந்தது. வழக்கமான போரோசிலிகேட் கண்ணாடி சல்பேட்டை எளிதில் ஏற்பதில்லை; அது தனிப்படலமாகப் பிரிந்து நின்றுவிடும். எனவே பேரியம் சேர்ந்த போரோசிலிகேட் கண்ணாடி உருவாக்கப்பட்டது. வெளிநாட்டுச் செய்முறையை அப்படியே வாங்கியிருந்தால் இந்தக் கழிவுக்கு அது பொருந்தியிராது. தன் நாட்டுச் சிக்கலுக்குத் தானே தீர்வு காணும் ஆற்றல் இருக்க வேண்டியதன் தேவைக்கு இது தக்க சான்று.

இக்கழிவிலிருந்தே பயனுள்ள பொருளையும் பெற முடிந்திருக்கிறது. இரத்தம் ஏற்றும்போது சில நோயாளிகளுக்கு ஏற்படும் கேட்டைத் தவிர்க்க, இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவர். இதற்குச் சீசியம்-137 உதவும். வெளிநாடுகளில் அது பெரும்பாலும் சீசியம் குளோரைடு என்னும் உப்பாகப் பயன்பட்டது. 1987ஆம் ஆண்டில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கருவி ஒன்றிலிருந்த அந்த உப்பு மக்கள் கையில் சிக்கிப் பரவி நால்வரின் உயிரைக் குடித்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் கழிவிலிருந்து சீசியத்தைப் பிரித்து, அதைக் கண்ணாடியில் பிணைத்து, எஃகு உறையிட்ட கோல்களாக வழங்குகிறது. கண்ணாடி எளிதில் தூளாவதில்லை. நீரில் கரைவதும் அரிது. விபத்து நேர்ந்தாலும் பரவும் அபாயம் பெரிதும் குறைகிறது.

செய்தித் தொடர்பில் ஒளியிழை

கண்ணாடியின் தூய்மை எந்த எல்லையைத் தொட வேண்டும் என்பதற்கு ஒளியிழை சிறந்த எடுத்துக்காட்டு. பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பும் முறையை 1954ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆனால் அக்காலக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர் தொலைவிலேயே மங்கிவிட்டது. இழப்புக்குக் காரணம் கண்ணாடியின் அடிப்படை இயல்பு அன்று, அதிலுள்ள மாசே என்று சார்லஸ் காவ் 1966ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இழப்பைக் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் என்ற அளவுக்குக் குறைத்தால், அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினால், செய்தித் தொடர்புக்கு அது போதும் எனக் கணித்தார். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1970ஆம் ஆண்டில் அந்த எல்லையை எட்டியது. இக்கருத்துக்காகக் காவ் 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இன்றைய இழைகளில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே. நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சுவதற்கு இப்போது 100 கிலோமீட்டர் கடக்க வேண்டும். மணலை உருக்கி இந்தத் தூய்மையைப் பெற முடியாது. சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்னும் திரவத்தை ஆவியாக்கி, ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து, அதனால் உண்டாகும் நுண்துகள்களைப் படியவைத்து, முதலில் தடித்த கண்ணாடித் தண்டு செய்யப்படுகிறது. பின்னர் அதைச் சூடாக்கி 0.125 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழையாக இழுக்கின்றனர்.

இந்தியாவில் புனே நகரின் இரு தொலைபேசி நிலையங்களை இணைக்கும் ஒளியிழைத் தொடர் 1979ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இழை இழுப்பதை விட, இழைக்கு மூலமான தண்டைச் செய்வதே கடினமான, மதிப்பு மிகுந்த பணி. வெளிநாட்டுத் தண்டை வாங்கி இங்கே இழுப்பது மட்டும் தொழில்நுட்பத் தன்னிறைவு ஆகாது. முன்னாளில் அவுரங்காபாத் எனப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகரில் தண்டும் இழையும் செய்யும் ஆலைகள் அமைந்ததும், எர்பியம் சேர்ந்த சிறப்பு இழைகளை ஜாதவ்பூர் நிலையம் ஆராய்ந்து உருவாக்கியதும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. எர்பியம் சேர்ந்த இழை, மங்கிய ஒளிக்குறிகளை மின்குறிகளாக மாற்றாமலேயே வலுப்படுத்தும் திறனுடையது.

மருந்துக் குப்பியும் சூரியத் தகடும்

சந்தையே தாங்கி நிறுத்தும் சிறப்புக் கண்ணாடிகளும் உள்ளன. ஊசி மருந்து அடைக்கும் குப்பி சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியாக இருந்தால், நாளடைவில் கண்ணாடியின் காரப்பொருள் மருந்தில் கசிந்து அதைக் கெடுக்கக்கூடும். எனவே எளிதில் கெடும் மருந்துகளுக்கு மருந்துநூல்கள் போரோசிலிகேட் கண்ணாடியையே முதல் வகையாக வகுத்துள்ளன. 1962ஆம் ஆண்டில் கார்னிங் நிறுவனத்தின் கூட்டுறவுடன் தொடங்கிய போரோசில் நிறுவனம் ஆய்வுக்கூடக் கண்ணாடியை உள்நாட்டில் செய்து வந்தது. குஜராத்தின் ஜம்பூசரில் மருந்துக் குப்பிக்குரிய குழாய்கள் செய்யும் ஆலை உள்ளது. கோவிட் தடுப்பூசி இயக்கம் 2022 ஜூலையில் 200 கோடித் தவணையைத் தாண்டியது. ஒரு குப்பிக்கு 10 தவணை எனக் கொண்டால் இதற்கு 20 கோடிக் குப்பிகள் வேண்டும். உலகெங்கும் குப்பிக்குத் தட்டுப்பாடு வருமோ என்ற அச்சம் நிலவிய அந்நாளில், குழாயும் குப்பியும் உள்நாட்டிலேயே உருவானது பெருந்துணையாயிற்று.

சூரிய மின்தகட்டின் முகப்புக் கண்ணாடி பேரளவில் தேவைப்படுவது. இரும்பு மிகக் குறைந்த மணலில் செய்தால்தான் அது ஒளியை இழக்காமல் உட்செலுத்தும். இத்தகைய கண்ணாடி குஜராத்தின் பரூச் அருகே 2010ஆம் ஆண்டில் செய்யப்படலாயிற்று. மலிவான இறக்குமதியின் நெருக்குதலால் பின்னர் பொருள் குவிப்புத் தடுப்பு வரியின் துணை அதற்குத் தேவைப்பட்டது.

மூலப்பொருள் நிலை

உத்தரப் பிரதேசத்தின் பிரயாக்ராஜை அடுத்த சங்கர்கர் பகுதியில் நல்ல சிலிக்கா மணல் கிடைக்கிறது. சோடா சாம்பலுக்குக் குஜராத் கடற்கரை இருக்கிறது. ஆனால் போரோசிலிகேட்டுக்கு இன்றியமையாத போரானுக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியுள்ளது. முற்காலத்தில் திபெத், லடாக் பகுதிகளிலிருந்து வெண்காரம் இந்தியா வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றது. இன்று லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெண்காரப் படிவு இருப்பது அறியப்பட்டும், தொழில் அளவில் எடுக்கப்படவில்லை. உலகின் மிகப் பெரிய போரான் இருப்பு துருக்கியில் உள்ளது. கண்ணாடியில் தன்னிறைவு பேசும்போது இந்த இடைவெளியை மறத்தலாகாது.

சிற்றளவு உற்பத்தியின் பொருளாதாரம்

தட்டைக் கண்ணாடி உலை ஒன்று நாளொன்றுக்குப் பல நூறு டன் உருக்கி, ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரியும். ஒளியியல் கண்ணாடி மூசையோ ஒரு தடவைக்குச் சில நூறு கிலோவே தரும். ஆனால் ஆய்வுக்கருவி, உலை, வல்லுநர் ஆகியோருக்கான செலவு உற்பத்தி குறைவதற்கேற்பக் குறைவதில்லை. உலகச் சந்தை முழுவதற்கும் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் அச்செலவைப் பல நாடுகளின் தேவையில் பரப்பிவிடுகிறது. ஆகவே அதன் விலை எப்போதும் குறைவாகவே தோன்றும். ஆண்டுதோறும் விலைப்புள்ளி கோரி, மிகக் குறைந்த விலைக்கு வாங்கும் கொள்முதல் முறையில் உள்நாட்டு உற்பத்தி ஒருநாள் நின்றுபோகும். பிறகு வழங்கல் மறுக்கப்படும்போது, சிதறிப்போன தொழிலாளரையும் மறந்துபோன செய்முறையையும் பணத்தால் உடனே மீட்க முடியாது.

இதனால் எல்லாச் சிறப்புக் கண்ணாடியையும் எவ்விலை கொடுத்தேனும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது பொருளன்று. உலகின் பெரிய உற்பத்தியாளர்களே நூற்றுக்கு மேற்பட்ட ஒளியியல் கண்ணாடி வகைகளை விற்கின்றனர். அத்தனையையும் இங்கே செய்ய முயல்வது வளத்தை வீணாக்கும். ஒவ்வொரு வகையைக் குறித்தும் மூன்று கேள்விகளை எழுப்பலாம். வெளிநாடு இதை வழங்க மறுக்க வாய்ப்புண்டா? மறுத்தால் வேறு பொருளைக் கொண்டு சமாளிக்க முடியுமா? இதன் உற்பத்தி நின்றால் பிற கண்ணாடிகளுக்கும் உதவும் திறன் அழியுமா?

மூக்குக் கண்ணாடிக்கு வழங்கல் மறுக்கப்படும் அச்சம் இல்லை. பிளாஸ்டிக் மாற்றாக வந்தது. குறிநோக்கிக்குரிய கண்ணாடிக்கும் கதிர்த்தடுப்புச் சன்னலுக்கும் நிலைமை வேறு. இவற்றைச் செய்யும் கூட்டத்தின் திறன் ஒன்றே. ஒன்று நின்றால் மற்றதும் தளரும். இத்தகையவற்றுக்குப் பாதுகாப்பு, அணுசக்தி, விண்வெளி ஆகிய துறைகள் தம் தேவையை ஒன்றுகூட்டி, பல ஆண்டுகளுக்கான கொள்முதல் உறுதியை முன்கூட்டியே வழங்குவது தக்க வழியாகும். விலையில் ஏற்படும் வேறுபாட்டை, தேசத்தின் பாதுகாப்புக்குச் செலுத்தும் காப்பீட்டுத் தொகையாகக் கருதிக் கணக்கில் எழுதலாம். அவ்வாறு வெளிப்படையாக எழுதினால்தான் அந்தச் செலவு தகுமா என்பதை அவ்வப்போது ஆராயவும் இயலும்.

ஆட்களைப் பற்றிய ஏற்பாடும் அதே அளவு முக்கியமானது. உலைத் தொழிலாளி ஓய்வு பெறுமுன் அவரிடம் பயின்ற இளைஞர் ஒருவர் உலையருகே நிற்க வேண்டும். ஒவ்வோர் உருக்கின் வெப்பநிலையும் நேரமும் விளைவும், தோல்வியடைந்த உருக்குகள் உட்பட, முறையாகப் பதிவாக வேண்டும். கண்ணாடித் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் இடையே மாணவர் பயிற்சி தொடர்ந்து நடைபெற வேண்டும்.

ஜாதவ்பூரில் ஒளியியல் கண்ணாடிக்காக அமைந்த அறிவு கதிர்த்தடுப்புச் சன்னலாகவும் சிறப்பு இழையாகவும் கிளைத்தது. ஒரு சில டன் பொருளுக்காகச் செய்த முதலீட்டின் பயனை அந்தச் சில டன்களின் விலையால் மட்டும் அளந்திருந்தால், அது என்றோ நட்டக் கணக்கில் சேர்ந்து மூடப்பட்டிருக்கும். திட்டமிடுவோர் ஒரு சிறு உலையின் வரவு செலவை ஆராயும்போது, அவ்வுலை அணைந்தால் எத்தனைத் துறைகளின் வேலை தடைப்படும் என்பதையும் அதே ஏட்டில் எழுதிப் பார்ப்பது முறையாகும்.